லண்டன் பைப் தண்ணியில வீட்டு பியர்: எந்த ஃபில்டர் வாங்கிறது?

12 பெப்ரவரி 2022

வீட்டில பியர் போடுற ஆக்களின்ர இந்த மன்றத்தில நேராக் கேக்கிறன். கிழக்கு லண்டன், ஈஸ்ட் ஹாம். ஒண்டரை வருசமா கிட் பியர் போடுறன். அதுதான், ரின்னில வாற மோல்ட் (முளைவிட்டுக் காயவைச்ச பார்லி) பாகைச் சுடுதண்ணியில கரைச்சு, ஈஸ்ட் தூவி, மூடி வைக்கிற வேலை. ஏழு தரம் போட்டதில நாலு தரம் ஒரே மணம். பழுதாப்போன மணமும் இல்லை, புளிப்பும் இல்லை. சின்ன வயசில முழங்கால் உரஞ்சினா அம்மா பஞ்சில நனைச்சு வைக்கிற டெற்றோல் இருக்கே, அந்த மணம். கிளாசை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனா ஆஸ்பத்திரி வாட்டுக்குள்ள நிக்கிற மாதிரிக் கிடக்கு.

வாளி வடிவாக் கழுவுப்படேல்லை எண்டு முதல்ல நினைச்சன். புது வாளி வாங்கினன், அதிலயும் அதே மணம். மிச்சம் இருக்கிறது தண்ணிதான். இஞ்சத்தைத் தண்ணி தெரியும்தானே, மூண்டு கிழமையில கேத்திலுக்குள்ள வெள்ளை ஓடு கட்டிவிடும்.

அதால ஃபில்டர் ஒண்டு பூட்டுறதெண்டு முடிவு. சிங்க்குக்குக் கீழ பூட்டுற கார்பன் ஃபில்டரோ, ஜக் ஃபில்டரோ, ஆர்.ஓவோ (மெல்லிய சவ்வுக்குள்ளால தண்ணியைத் தள்ளி, கரைஞ்சு கிடக்கிறதை வடிக்கிறது)? ஃபில்டர் பூட்டினா எல்லாம் சரிவரும் எண்டுதான் என்ர நம்பிக்கை. பிழையெண்டா சொல்லுங்கோ.

13 பெப்ரவரி 2022

ஒருத்தரும் ஃபில்டரின்ர பேர் சொல்லேல்லை. எல்லாரும் "கம்டன் போட்டனீரோ?" எண்டுதான் கேட்டிருக்கிறியள். போடேல்லை. அது வைன் போடுற ஆக்களின்ர சாமான் எண்டு இருந்திட்டன்.

20 பெப்ரவரி 2022

ஒரு கிழமை வாசிச்சதில விளங்கினது இது. லண்டன் பைப் தண்ணியில கிருமிக்குப் போடுறது வெறும் குளோரின் இல்லை, குளோரமைன். குளோரினோட அமோனியாவைச் சேர்த்துச் செய்யிறது. வெறும் குளோரின் எண்டா வாளியில இரவு முழுக்கத் திறந்து வைச்சாலே பறந்திடும், கொதிக்க வைச்சா இன்னும் கெதியாப் போகும். குளோரமைன் லேசில போகாது. நான் ஒண்டரை வருசமா இரவில வாளியை நிரப்பி, மேல சுத்தமான துவாய் ஒண்டைப் போட்டு, விடிய எழும்பிப் பாத்து "இப்ப மணம் போட்டுது" எண்டு திருப்திப்பட்டது சும்மா.

மோல்டில இயல்பாவே ஃபீனோல் வகைச் சாமான்கள் இருக்கு. குளோரின் அதோட ஒட்டினா குளோரோஃபீனோல். டெற்றோலுக்குள்ள இருக்கிற குளோரோசைலினோலும் இதே குடும்பம். அப்ப என்ர மூக்கு பொய் சொல்லேல்லை. லீற்றருக்கு மைக்ரோகிராம் கணக்கில கிடந்தாலே மூக்கு பிடிச்சிடுமாம்.

கம்டன் எண்டது சின்ன வில்லை, உள்ளுக்கு மெற்றாபைசல்பைற். குளோஸ்டர்ஷயரில சிப்பிங் கம்டன் எண்ட ஊரில பழம் பதனிடுறதுக்குக் கண்டுபிடிச்சதால அந்தப் பேர். ஒரு வாளித் தண்ணிக்கு அரை வில்லை. ரெண்டு கரண்டிக்கு நடுவில நசிச்சுப் போட்டுக் கலக்க வேண்டியதுதான், ஐஞ்சு நிமிசத்தில குளோரமைன் முடிஞ்சுது. ஐம்பது வில்லை இருக்கிற டப்பா ரெண்டு பவுணும் வராது. நான் பாத்து வைச்சிருந்த ஃபில்டர் 140 பவுண்.

ஒரு பரீட்சை செய்யப்போறன். ஒரே கிட்டைப் பாதியாப் பிரிச்சு, ரெண்டு சின்ன வாளி. ஒண்டுக்கு வில்லை, மற்றதுக்கு வெறும் பைப் தண்ணி.

13 மார்ச் 2022

மனுசியின்ர கண்ணைத் துணியால கட்டி ரெண்டு கிளாசையும் மணக்கக் குடுத்தன். (அவ குடிக்கிறேல்லை, மணக்கிறதுக்கு மட்டும் சம்மதம்.) முதல் கிளாசுக்கு "பாண் மாதிரி" எண்டா. ரெண்டாவதைக் கிட்டக் கொண்டுபோக முதலே முகத்தைத் திருப்பிட்டா.

தண்ணிப் பிரச்சினை முடிஞ்சுது. ஃபில்டர் தேவையில்லை. இந்த இழையை இதோட மூடலாம்.

2 ஏப்ரல் 2022

மூடக் கிடைக்கேல்லை. அம்மா ஊரில இருந்து போன். தங்கச்சி பத்த வைச்சிட்டாள், "அண்ணா அங்க கசிப்புக் காய்ச்சுறான்" எண்டு. கசிப்பு இல்லையம்மா, பியர், இஞ்ச சட்டப்படி செய்யலாம், 1963இல இருந்து வீட்டுத் தேவைக்கு லைசென்ஸ் தேவையில்லை, விக்கத்தான் ஏலாது எண்டு சொல்லி முடிக்க அரை மணித்தியாலம். பிறகு வாய் தவறிச் சொல்லிட்டன், "தண்ணிதான் பிரச்சினை." அதுக்கு அம்மா: "உனக்கு எப்பவும் தண்ணிதான் பிரச்சினை."

ஆனா அதுக்குப் பிறகு அவ சொன்ன ஒண்டு மண்டையில நிக்குது. எங்கட வளவுக் கிணத்துத் தண்ணியில பருப்பு அவியாது. அம்மா சமையலுக்கு ரெண்டு வீடு தள்ளி நல்ல தண்ணிக் கிணத்தில அள்ளுவா. குளிக்க, உடுப்புத் தோய்க்க எங்கட கிணறு, சோறு பருப்புக்கு அந்தக் கிணறு. சவர்க்காரம் நுரைக்கிறதை வைச்சும் பருப்பு கரையிறதை வைச்சும் தண்ணியைத் தரம் பிரிச்ச மனுசி. யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லுக்கு மேல கிடக்கு, லண்டன் தண்ணியும் சுண்ணாம்புப் பாறைக்குள்ளால வாறது. ரெண்டு இடத்திலயும் கேத்திலுக்குள்ள அதே ஓடு.

இப்ப யோசிச்சா, குளோரின் ஒரு பக்கம், சுண்ணாம்பு ஒரு பக்கம். நான் ஒரு பக்கத்தைத்தான் பாத்திருக்கிறன்.

18 ஜூன் 2022

கிட்டை விட்டிட்டன். இப்ப முழுத் தானியம். பார்லி மோல்டை நொறுக்கி 66 பாகை தண்ணியில ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு (மாஷ்), வடிச்சு, ஹொப்ஸ் எண்ட கைப்புப் பூவைப் போட்டுக் காய்ச்சுறது. முதல் பேல் ஏல் (வெளிர் பியர்) நேற்றுத் திறந்தன். டெற்றோல் மணம் இல்லை, கம்டன் வேலை செய்திருக்கு. ஆனா நாக்கில கயர் பிடிக்குது. சாயம் கூடி ஆறிப்போன தேத்தண்ணியைக் குடிச்ச மாதிரி. ஹொப்ஸின்ர கைப்பும் பின்வாயில சுரண்டுது.

கிட் பியரில இது இருக்கேல்லை. காரணம் லேசு: கிட்டில மாஷ் வேலையைத் தொழிற்சாலை தன்ர தண்ணியில செய்து, பாகா வத்தித் தருது. நீங்கள் ஊத்துறது கரைக்கிற தண்ணி மட்டும். கிட் போடுற ஆக்கள் இதுக்குக் கீழ ஒண்டும் வாசிக்கத் தேவையில்லை, அரை வில்லையோட போய்ச் சந்தோசமா இருங்கோ.

தண்ணிக் கொம்பனியின்ர தளத்தில போஸ்ட்கோட்டைக் குடுத்து அறிக்கை எடுத்தன். கடினத்தன்மை 108 எண்டு கிடக்கு. புத்தகப்படி 108 நடுத்தரத் தண்ணி. அப்ப தண்ணியில பிழையில்லை, என்ர கைதான் பிழை.

19 ஜூன் 2022

பிழை. 108 எண்டது கல்சியத்தின்ர அளவு, லீற்றருக்கு மில்லிகிராம். புத்தகம் சொல்லுறது கல்சியம் கார்பனேற்றாக் கணக்குப் பாத்த அளவு. 2.5ஆல பெருக்கினா 270. நடுத்தரம் எங்க, கல்லுத் தண்ணி எங்க. அதே அறிக்கையில கிளார்க் பாகை, பிரெஞ்சுப் பாகை, ஜெர்மன் பாகை எண்டு இன்னும் மூண்டு இலக்கம். ஒரே தண்ணிக்கு ஐஞ்சு பேர் வைச்சிருக்கிறாங்கள்.

3 ஜூலை 2022

இன்னுமொரு திருத்தம், இதுதான் பெரிசு. நேற்றுவரைக்கும் "கடினத்தன்மை" எண்டு கத்திக்கொண்டிருந்தன். பியருக்குக் கடினத்தன்மை எதிரி இல்லை, கல்சியம் மாஷுக்கு நல்லது. எதிரி அல்கலினிட்டி, அதாவது கரைஞ்சு கிடக்கிற பைகார்பனேற். கொம்பனி அறிக்கையில அந்த இலக்கமே இல்லை. மீன் தொட்டிக் கடையில விக்கிற சோதனைக் கிட் வாங்கிச் சொட்டுச் சொட்டா விட்டுப் பாத்தன். நீலம் ரோசாவா மாறின இடத்தில 12.9 ஜெர்மன் பாகை. 17.8ஆல பெருக்க, லீற்றருக்கு 230 மி.கி. (கல்சியம் கார்பனேற் கணக்கில).

மாஷின்ர பி.எச் (புளிப்பின்ர அளவு, இலக்கம் குறையக் குறையப் புளிப்புக் கூட) 5.2க்கும் 5.6க்கும் இடையில இருக்க வேணும். வெளிர் மோல்ட் தனியா, சுத்தத் தண்ணியில, 5.7, 5.8இல நிக்கும். கல்சியம் அதைக் கீழ இழுக்கும், பைகார்பனேற் மேல தள்ளும். கோல்பாக் எண்ட ஜெர்மன்காரர் இந்த இழுபறிக்கு ஒரு கணக்குத் தந்திருக்கிறார்: கல்சியக் கடினத்தை 3.5ஆல பிரி, மக்னீசியக் கடினத்தை 7ஆல பிரி, ரெண்டையும் அல்கலினிட்டியில இருந்து கழி. எனக்கு 230இல 80 போக 150 மிச்சம். வெளிர் பியருக்கு இது பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தா நல்லம்.

ஜூனில திறந்த பியரின்ர மாஷை நான் அளந்தது காகிதப் பட்டியால. பட்டி 5.2 எண்டுது. இப்ப மீற்றர் வாங்கிட்டன், அதே மோல்ட், அதே தண்ணி: 5.9. பட்டியைக் குப்பையில போடுங்கோ. பி.எச் ஏறின மாஷை மேல இன்னும் அல்கலினிட்டித் தண்ணி ஊத்திக் கழுவினா உமியில இருந்து ரானின் (தேயிலைச் சாயத்திலயும் இருக்கிற கயர்ச் சாமான்) இறங்கும். கயர் அதுதான்.

ஒருவர் "உங்கட தண்ணியின்ர பி.எச் என்ன?" எண்டு கேட்டிருந்தார். அது பெரிசா உதவாது. தண்ணி 7.5ஓ 8ஓ எண்டது இப்ப நிக்கிற இடம். அது எவ்வளவு பிடிவாதமா நிக்கும் எண்டதைச் சொல்லுறது அல்கலினிட்டி. மாமியின்ர முகத்தைப் பாத்து ஒண்டும் சொல்ல ஏலாத மாதிரி.

9 ஜூலை 2022

மாமி இந்த இழையை வாசிக்கிறேல்லை எண்டு நினைக்கிறன்.

24 ஜூலை 2022

இப்ப ஃபில்டர் கதைக்கு வருவம், அதுதானே தலைப்பு.

கார்பன் ஃபில்டர்: ஒரு கூட்டாளி தன்ர பழசைத் தந்தான். குளோரமைனைப் பிடிக்கும், ஆனா தண்ணி மெதுவாப் போனாத்தான். பைப்பை முழுக்கத் திறந்து எடுத்த தண்ணியில குளோரின் பட்டி நிறம் மாறினது. நூல் மாதிரி ஒழுகவிட்டு எடுத்ததில மாறேல்லை. ஒரு தரம் பியர் போட வேண்டிய 32 லீற்றர்த் தண்ணியை நூலா ஒழுகவிட்டு நிக்க எனக்குப் பொறுமை இல்லை, வில்லை ஐஞ்சு நிமிசம். அல்கலினிட்டியை அது தொடவே இல்லை. முதலும் 230, பிறகும் 230. கரைஞ்ச உப்பைக் கரி பிடிக்காது.

ஜக் ஃபில்டர்: ஆச்சரியம். அதுக்குள்ள கரியோட ரெசினும் கிடக்கு, அது பைகார்பனேற்றோட சேர்ந்த சுண்ணாம்பைக் குறைக்கும். புதுக் காட்ரிட்ஜில 230 எண்டது 80க்கு இறங்கினது. ஆனா ஜக்குக்கு ஒண்டரை லீற்றர். இருபத்திரண்டு தரம் ஊத்தி, நிண்டு, ஊத்தி. கடைசி ஜக்கை அளந்தா 120. ரெசின் களைச்சுப்போச்சு. நானும்தான்.

கொதிக்க வைக்கிறது: காசில்லாத வழி. அரை மணித்தியாலம் கொதிச்சா பைகார்பனேற் உடைஞ்சு சுண்ணாம்பா அடியில படியும். ஆறவிட்டு மேல்த்தண்ணியை மட்டும் கலங்காமல் எடுக்க வேணும். எனக்கு 230, 90 ஆச்சு. காஸ் பில்லைப் பாத்த பிறகு செய்யேல்லை.

31 ஜூலை 2022

மேல விட்டது: சுடுதண்ணிப் பைப்பில எடுக்காதேங்கோ, கெதியாச் சூடாக்கலாம் எண்டு நினைச்சாலும். தாங்கியில கிடந்த தண்ணி. பழைய விக்டோரிய வீடுகளில ஈயக் குழாயும் இருக்கலாம், விடியக் காலமை முதல் தண்ணியைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பிடியுங்கோ.

4 செப்டெம்பர் 2022

ஹரோவில மச்சான் வீட்டில மென்நீர் மெசின் பூட்டியிருக்கிறார், மூட்டை மூட்டையா உப்புப் போடுறது. ஷவர்க் கண்ணாடியில ஒரு பொட்டு இல்லை. அக்கா சவர்க்காரம் நுரைக்கிற வடிவைக் காட்டினா. அம்மா கண்டா அழுதிடுவா. நான் உடனே காரில ஆறு ஐஞ்சு லீற்றர்க் கானை எடுத்துக்கொண்டு போய் நிரப்பிக்கொண்டு வந்தன்.

போட்ட பியர் சவர்க்காரம் கரைச்ச மாதிரி, அடியில ஒரு உப்பு. ஏன் எண்டு பிறகுதான் அளந்தன். அந்த மெசின் கல்சியத்தை எடுத்திட்டு அந்த இடத்தில சோடியத்தை வைக்குது, பைகார்பனேற்றைத் தொடுறேல்லை. அல்கலினிட்டி அதே 230தான் நிக்குது. எனக்கு உதவிக்கொண்டிருந்த கல்சியம் மட்டும் போட்டுது. கோல்பாக்கின்ர கணக்கில 150ஆ இருந்தது இப்ப 230. கணக்குக்கு லீற்றருக்கு 120 மி.கி. சோடியமும் மேலதிகம். காசு குடுத்துத் தண்ணியைக் கெடுத்தது மச்சான், பெற்றோல் செலவழிச்சுக் கொண்டுவந்தது நான்.

12 நவம்பர் 2022

ஆறுதலுக்கு ஒரு நல்ல செய்தி. ஸ்டவுட் (கறுத்த பியர்) போட்டன். வறுத்த பார்லி, சொக்லட் மோல்ட், தண்ணிக்கு அரைக் கம்டன், வேற ஒண்டும் இல்லை. மீற்றர் 5.5. குடிச்சா வழுவழுப்பு, கயர் துளியும் இல்லை. வறுத்த தானியத்துக்கு இயல்பாவே புளிப்பு இருக்கு, அது அல்கலினிட்டியைச் சாப்பிட்டிட்டுது.

18ஆம் நூற்றாண்டில லண்டன்காரங்கள் போர்ட்டர் எண்ட கறுத்த பியரில பேர் எடுத்தது சும்மா இல்லை. இந்தத் தண்ணி கறுப்பைத்தான் விரும்புது. எனக்குக் கிட்ட, போ பாலத்துக்குப் பக்கத்தில, ஹொட்சனின்ர பியர்த் தொழிற்சாலை 1752இல தொடங்கினது. கிழக்கிந்தியக் கப்பல்காரர் ஆத்தோட கீழ பிளாக்வோலில நிண்டவை, அவை ஹொட்சனின்ர வெளிர் பியரை வாங்கிக்கொண்டு போய்க் கல்கத்தாவிலயும் சென்னைப்பட்டினத்திலயும் வித்தவை. பிறகு 1822 அளவில ஓல்சொப் எண்ட பியர் முதலாளி அதே மாதிரி வெளிர் பியரை பேர்ட்டன் எண்ட ஊரில செய்து பாத்தார். பேர்ட்டன் கிணத்தில ஜிப்சம் (கல்சியம் சல்பேட்) கரைஞ்ச தண்ணி, சல்பேட் கூட. ஹொப்ஸின்ர கைப்பு அதில சுத்தமா, உலர்ந்து நிக்கும். சந்தை பேர்ட்டனுக்குப் போட்டுது. பில்சன் ஊரில தண்ணி மழைத்தண்ணி மாதிரி மென்மை, 1842இல ஜோசஃப் க்ரோல் அங்க பொன்னிறப் பியர் செய்தார். ஊருக்கு ஊர் கிணறு என்ன சொன்னதோ அதைத்தான் செய்திருக்கிறாங்கள். நான்தான் லண்டன் கிணத்தில பில்சன் அள்ளப் பாக்கிறன்.

அப்பா நல்லநாள் பெருநாளில லயன் ஸ்டவுட் ஒரு போத்தல் எடுப்பார், முட்டையும் அடிச்சு. இந்த ஸ்டவுட்டை அவருக்குக் குடுத்துப் பாக்கக் கிடைக்கேல்லை.

28 ஜனவரி 2023

அமிலம். இது முதலே செய்திருக்க வேணும்.

முதல்ல லாக்டிக். 80 வீதம், 32 லீற்றருக்கு 11 மி.லீ. விட்டா அல்கலினிட்டி 50க்கு வந்திடும். வந்தது, மாஷ் 5.4, கயர் போட்டுது. ஆனா மெல்லிய தயிர்ப் புளிப்பு ஒண்டு. நாக்குப் பிடிக்கிற எல்லைக்குக் கீழதான் எண்டு கணக்குச் சொல்லுது, என்ர நாக்கு கணக்குப் படிக்கேல்லை.

அடுத்தது சி.ஆர்.எஸ் எண்டு இஞ்ச பியர்ச் சாமான் கடையில விக்கிறது, ஹைட்ரோகுளோரிக்கும் சல்பூரிக்கும் கலந்தது. லீற்றருக்கு 1 மி.லீ. விட்டா அல்கலினிட்டி 180 அளவு குறையும். விட்ட உடன தண்ணி சோடா மாதிரிப் பொங்கி அடங்கும், போறது கார்பன் டை ஒக்சைட். பிறகு மிஞ்சிறது குளோரைட்டும் சல்பேட்டும், ரெண்டும் பியருக்கு வேண்டியது. கையுறையும் கண்ணாடியும் போடுங்கோ, பிள்ளையளுக்கு எட்டாத இடத்தில வையுங்கோ. தெளிவான திரவம், தண்ணி மாதிரியே கிடக்கும்.

"தேசிக்காய்ப் புளி விட்டா என்ன?" எண்டு ஒருவர். ஒரு வாளிக்கு எத்தினை காய் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஊறுகாய் வாசத்தில பியர் வரும்.

15 ஏப்ரல் 2023

கடைசியா நானும் ஆர்.ஓ வாங்கிட்டன். சிரிக்காதேங்கோ. நாலு குழாய், ஒரு மெம்பிரேன், சிங்க்குக்குக் கீழ. டி.டி.எஸ் மீற்றரில (தண்ணியில கரைஞ்சு கிடக்கிறதையெல்லாம் சேர்த்து அளக்கிறது) பைப் தண்ணி 370, வெளிய வாறது 9. ஒரு லீற்றர் நல்லதுக்கு மூண்டு லீற்றர் கழிவா ஓடுது. குளிரில தண்ணி உறைஞ்ச மாதிரி வாறதால சொட்டுறதும் குறைவு.

ராவு வாளியைக் கீழ வைச்சு, குழாயை உள்ளுக்குப் போட்டு, "ரெண்டு மணித்தியாலம், அலாரம் வைக்கிறன்" எண்டு சோபாவில சாய்ஞ்சன். காலமை மூண்டரைக்குக் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அவையின்ர குசினிக் கூரையில இருந்து ஒழுகுது. உலகத்திலேயே சுத்தமான ஒழுக்கு, டி.டி.எஸ் 9. மிதவை வால்வு 8 பவுண், முதலே வாங்குங்கோ.

கழிவுத் தண்ணியைக் கறிவேப்பிலைக்கு ஊத்தினன், வீணாக்கக் கூடாதெண்டு. ரெண்டு மாதத்தில இலை வெளிறிப் போச்சு. உள்ள சுண்ணாம்பெல்லாம் அதுக்குள்ளதானே. மனுசி இப்ப ஆர்.ஓ நல்ல தண்ணியைக் கறிவேப்பிலைக்கு ஊத்துறா, எனக்குத் தெரியாது எண்ட நினைப்பில.

10 ஜூன் 2023

ஆர்.ஓ தண்ணியில முதல் பேல் ஏல். ஒண்டும் சேர்க்கேல்லை, "சுத்தம்" எண்ட பெருமையில. சப்பெண்டு கிடந்தது. தெளியவும் இல்லை, ஒரு மாதம் கலங்கல். ஈஸ்ட் அடியில படியக் கல்சியம் வேணும், அதை நான் காசு குடுத்து வெளிய அனுப்பிட்டன்.

ரெண்டாவதில ஜிப்சம். குசினித் தராசு ரெண்டு கிராம், மூண்டு கிராம் எண்டதை உணராது, பூச்சியத்திலயே நிண்டது. கோபத்தில கரண்டியால அள்ளி ஐஞ்சு குவியல் போட்டன். பிறகு நகைத் தராசு ஒண்டு வாங்கி அதே குவியலை நிறுத்தா 25 கிராம். 32 லீற்றருக்கு அது லீற்றருக்கு 430 மி.கி.க்கு மேல சல்பேட். பியர் சுவரில பூசின சாந்தை நக்கின மாதிரி.

கணக்கு லேசு, எழுதி வையுங்கோ. 10 லீற்றருக்கு 1 கிராம் ஜிப்சம் போட்டா லீற்றருக்கு 23 மி.கி. கல்சியமும் 56 மி.கி. சல்பேட்டும் தரும். அதே அளவு கல்சியம் குளோரைட் 27 கல்சியம், 48 குளோரைட். சல்பேட் கூடினா கைப்பு நிமிர்ந்து நிக்கும், குளோரைட் கூடினா மோல்ட் உருண்டு வரும். கல்சியம் குளோரைட் டப்பாவை இறுக்கி மூடுங்கோ, காத்தில ஈரத்தை உறிஞ்சிக் குளமாப் போயிடும். என்ர முதல் டப்பா இப்ப ஒரு சூப்.

19 ஆகஸ்ட் 2023

ரொறன்ரோ அண்ணை எழுதியிருக்கிறார்: "உந்தக் கூத்தெல்லாம் எங்களுக்கு இல்லை. ஒன்ராரியோ ஏரித் தண்ணி 120, 130 கடினம், குளோரமைனுக்கு வில்லை போட்டா முடிஞ்சுது." சரி அண்ணை, சந்தோசம். உங்களுக்குப் பனியைத் தந்த கடவுள் எங்களுக்குச் சுண்ணாம்பைத் தந்திட்டார்.

அவரே இன்னொண்டும் கேட்டிருக்கிறார், கள்ளுக்கு ஏன் இந்தப் பிரச்சினை இல்லை எண்டு. கள்ளில தண்ணியே இல்லையே அண்ணை. பாளையில இருந்து முட்டிக்குள்ள வாறதுதான். தவறணையில தண்ணி கலந்தாத்தான் பிரச்சினை, அது வேற இழை.

ஆனா சுண்ணாம்பு அங்கயும் இருக்கு. முட்டிக்குள்ள சுண்ணாம்பைப் பூசிக் கட்டினா கள்ளாகாது, கருப்பணியா இறங்கும். பி.எச் ஏறினா ஈஸ்ட் வேலை செய்யாது. இதைச் சீவுற ஆக்கள் மீற்றர் இல்லாமல் செய்தவை.

2 செப்டெம்பர் 2023

சுண்ணாம்பு எண்டோன்ன ஒரு பைத்தியக்கார வேலை. கல்லுத் தண்ணியில இருந்து கல்லை எடுக்கச் சுண்ணாம்பையே போடுற முறை ஒண்டு இருக்கு, அபர்டீனில தோமஸ் கிளார்க் எண்ட பேராசிரியர் 1841இல காப்புரிமை எடுத்தவர். மேல சொன்ன கிளார்க் பாகையும் அவற்ற பேரில. நீத்தின சுண்ணாம்பு பைகார்பனேற்றோட சேர்ந்து ரெண்டுமே சுண்ணாம்புக் கல்லா விழுந்திடும். முள்ளை முள்ளால எடுக்கிறது.

ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில வெத்திலைச் சுண்ணாம்பு ஒரு டப்பா வாங்கி, ஒரு வாளியில கொஞ்சம் கரைச்சன். உடன பால் மாதிரிக் கலங்கினது. விடிய அடியில வெள்ளை மா, மேல கண்ணாடி. 230, 90 ஆ இறங்கியிருந்தது. ஆனா அந்தத் தண்ணியில பியர் போடேல்லை, டப்பாவுக்குள்ள வேற என்ன கிடக்கு எண்டு ஆருக்குத் தெரியும். கடைக்கார அம்மா கேட்டா, "தம்பி, வெத்திலை வேண்டாமே?"

20 ஜனவரி 2024

எத்தினையோ பேர் "கடைசியா என்னதான் செய்யிறீர்" எண்டு கேட்டதால. ஸ்டவுட், போர்ட்டருக்கு: பைப் தண்ணி, அரைக் கம்டன். வெளிர் பியருக்கு: ஆர்.ஓ 24 லீற்றர், பைப் 8 லீற்றர், கால்க் கம்டன், ஜிப்சம் 6 கிராம், கல்சியம் குளோரைட் 3 கிராம். அல்கலினிட்டி 60க்குக் கீழ, கல்சியம் 95 அளவில. மாஷ் போன தரம் 5.38. இடையில உள்ள செம்பழுப்புப் பியருகளுக்கு ஆர்.ஓவைத் தொடுறேல்லை, சி.ஆர்.எஸ் போதும். ஆர்.ஓ இல்லாட்டி கடையில 5 லீற்றர்ப் போத்தல் வாங்கலாம், ஆனா லேபலை வாசியுங்கோ. நான் எடுத்த ஒண்டில கல்சியம் 10, பக்கத்துத் தட்டில இருந்ததில லண்டன் பைப்பை விடக் கூட. ரெண்டிலயும் மலைப் படம்தான் போட்டிருந்தது.

2022 பெப்ரவரியில நான் வாங்க இருந்த 140 பவுண் கார்பன் ஃபில்டர் இந்தப் பட்டியலில ஒரு இடத்திலயும் இல்லை.

11 மே 2024

கம்டனை மறந்திட்டன். ரெண்டு வருசத்துக்குப் பிறகு, பி.எச், உப்பு, நகைத் தராசு எல்லாம் வரிசையா வைச்சிட்டு, அரை வில்லையை மறந்திட்டன். 23 லீற்றர் டெற்றோல். சிங்க்குக்குள்ள ஊத்திக்கொண்டே எழுதிறன்.

6 ஜூலை 2024

அம்மா விசிற் விசாவில வந்து நிக்கிறா. சிங்க்குக்குக் கீழ உள்ள குழாயளைப் பாத்திட்டு "உதுதானோ கசிப்பு மெசின்?" எண்டா. விளங்கப்படுத்தினன். ஆர்.ஓ தண்ணியில பருப்பு அவிச்சுப் பாத்தா, இருபது நிமிசத்தில கரைஞ்சு போச்சு. நல்ல தண்ணிக் கிணறு எண்டு ஒத்துக்கொண்டா.

அதே தண்ணியில தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். மேல ஆடை கட்டேல்லை, சாயம் கண்ணாடி மாதிரி. ஒரு வாய் குடிச்சிட்டுக் கோப்பையைக் கீழ வைச்சா.

"இதில ஒண்டும் இல்லையடா. பைப்பில பிடிச்சுப் போடு."

7 ஜூலை 2024

பிடிச்சுப் போட்டன். மூண்டு கோப்பை குடிச்சா. கேத்திலுக்குள்ள திரும்ப ஓடு கட்டுது.